ஆம்பைக் குறை சொல்வதற்கு முன்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடையே ஒரு கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைத்துவிட்டது. நல்ல ஒலிக்கு விலையுயர்ந்த கிட்டார் வேண்டும், அதன் மரம் அரிய வகையாக இருக்க வேண்டும், ட்யூப் ஆம்ப் வேண்டும், பெடல்கள் அனலாக்காக இருக்க வேண்டும். டிஜிட்டல் கருவி எதுவானாலும் அது உயிரற்ற நகல். செட்டப் இந்தப் பேச்சில் இடம்பெறுவதே அரிது. கடையில் யாரோ அரை மணி நேரத்தில் முடித்துத் தரும் சில்லறை வேலையாகவே அதை நினைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஒலியில் மிகப் பெரிய மாற்றத்தைக் குறைந்த செலவில் தருவது செட்டப். அனலாக்கா டிஜிட்டலா என்ற வேறுபாடோ பலர் நம்புவதைவிட மிகச் சிறியது. சில இடங்களில் அப்படியொரு கோடே கிடையாது.

நெக்கின் வளைவு, தந்திகளின் உயரம், நட்டின் பள்ளங்கள், ஃப்ரெட்களின் மட்டம், சாடில்களின் இடம், பிக்கப்பின் உயரம் ஆகிய ஆறையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சரிசெய்வதே செட்டப். ஒன்றை மாற்றினால் மற்றவையும் நகரும் என்பதால் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நெக்கில் தொடங்க வேண்டும். வழக்கமான 10-46 தந்திகள் ஆறும் சேர்ந்து நெக்கைச் சுமார் 46 கிலோ விசையுடன் இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கவே நெக்கினுள் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ இதற்குப் பெற்ற காப்புரிமை 1923-ஐச் சேர்ந்தது. நெக் முற்றிலும் நேராக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதிரும் தந்தி நடுவில் அகன்றும் முனைகளில் குறுகியும் அசைகிறது. அந்த அசைவுக்கு இடம் தர, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கால் மில்லிமீட்டர் அளவுக்கு உட்குழிவு வேண்டும். ஃபெண்டர் தன் கிட்டார்களுக்குப் பரிந்துரைக்கும் தந்தி உயரம் 17-ஆவது ஃப்ரெட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டர். இவற்றில் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் வாசிப்பவரின் விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது நட். தந்தி தலைப்பகுதியிலிருந்து இறங்கி முதலில் தங்கும் இடம் அது. பள்ளம் போதிய ஆழமில்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் தந்தி தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதை அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு, சுருதி ஏறிவிடும். திறந்த தந்திகளைத் துல்லியமாகச் சுருதி சேர்த்த பிறகும் முதல் மூன்று ஃப்ரெட்களில் பிடிக்கும் கார்டுகள் கசப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். புதிதாகக் கற்பவர் தன் காதையும் விரலையும் சந்தேகிப்பார். அனுபவமுள்ளவர் ட்யூனரை மாற்றுவார். நட்டை ஏற்ற அரத்தால் சில இழைகள் ராவினால் தீரும் குறை இது.

அடுத்தது இன்டொனேஷன். சமச் சுருதி அமைப்பில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்த தொலைவில் அமைகிறது. 648 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் தந்தியில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் வரும். 12-ஆவது சரிபாதியில் வரும். ஆனால் எந்தத் தந்தியை அழுத்தினாலும் அது இழுபட்டுக் கொஞ்சம் கூர்மையடையும். இந்தக் கூடுதலை ஈடுகட்ட, சாடிலைக் கணக்கில் வரும் இடத்தைவிடச் சற்றுப் பின்தள்ளி வைக்கிறார்கள். தடித்த தந்திக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. சாடில்கள் சாய்கோட்டில் நிற்பது அதனால்தான். 12-ஆவது ஃப்ரெட்டில் தொட்டெழுப்பும் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றினால் சாடில் சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சாடிலை இன்னும் பின்னே தள்ள வேண்டும். 1581-இல் வின்சென்சோ கலிலேயி லூட் வாத்தியத்துக்குச் சொன்ன 18-ஆல் வகுக்கும் விதி இங்கே குறிப்பிடத்தக்கது. கணக்குப்படி அது 12-ஆவது ஃப்ரெட்டை ஏறக்குறைய 12 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) தாழ்வாக வைக்கிறது. அழுத்தும்போது ஏறும் சுருதி அந்தத் தாழ்வின் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுவதால் அந்த விதி நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. கணிதமும் விரலின் அழுத்தமும் சேர்ந்தே சுருதியைத் தீர்மானிக்கின்றன.

விலையுயர்ந்த கிட்டார் இந்தக் குறைகளோடு வராது என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். தொழிற்சாலையை விட்டு வெளியேறும் நாளைப் பற்றி மட்டும் பேசினால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மரமோ அன்றோடு நின்றுவிடுவதில்லை. கிட்டார் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் அது பெரும்பாலான மாதங்களில் 70-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் உயரும், தந்திகள் எழும்பும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்தால் எதிர்த்திசையில் நகரும். தந்தியின் தடிமனை மாற்றினாலும் கதை மாறும்: 10-46 தந்திகளைக் கழற்றி 9-42 போட்டால் மொத்த இழுப்பு 38 கிலோவை ஒட்டி இறங்கிவிடும். ட்ரஸ் ராடோ பழைய விசைக்கேற்பவே முறுக்கப்பட்டிருக்கும். நெக் பின்னோக்கி வளையும். கீழ் ஃப்ரெட்களில் தந்தி இரையும். கிட்டாருக்குக் கொடுத்த விலை இவற்றில் எதையும் தடுக்காது. வீணைக் கலைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெழுகில் பதித்த 24 மெட்டுகளையும் அவ்வப்போது எடுத்துப் புதிதாக மேளம் கட்டினால்தான் வீணை வீணையாக இருக்கும் என்பதை அவர்கள் கற்றலின் பகுதியாகவே ஏற்றவர்கள். எவ்வளவு உயர்ந்த தஞ்சாவூர் வீணையும் அதற்கு விலக்கல்ல.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் வந்தபின் மலிவான கிட்டாரிலும் ஃப்ரெட் பள்ளங்கள் சரியான இடத்தில்தான் விழுகின்றன. விலையைக் குறைக்கும்போது வெட்டப்படுவது பெரும்பாலும் மனித உழைப்பின் நேரம்: நட்டை ராவும் நேரம், ஃப்ரெட்களைச் சமப்படுத்தி உச்சியை உருட்டி மெருகேற்றும் நேரம். அந்த நேரத்தைப் பின்னால் சேர்க்க முடியும். நல்ல கைவினைஞரிடம் ஒரு முழுப் பகல் செலவிட்ட மலிவான கிட்டார், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிக்கப்படும் பல மடங்கு விலையுள்ள கிட்டாரைவிடச் சுருதி சுத்தமாக ஒலிப்பது அபூர்வமே அல்ல. வன்பொருளின் தரம், ட்யூனிங் பெக்கின் உறுதி, மரத்தின் நிலைப்பு ஆகியவற்றில் விலைக்குப் பொருள் உண்டு. கேட்கும் ஒலியில் அது எந்த அளவு வெளிப்படுகிறது என்பது வேறு கேள்வி.

மரத்தைப் பற்றிய நம்பிக்கை ஒருமுறை நேரடியாகவே சோதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. முதுகு, பக்கப் பலகைகளின் மரம் மட்டும் வேறுபட்ட ஆறு அக்கூஸ்டிக் கிட்டார்களை 52 கிட்டார் கலைஞர்கள் எது எதுவென்று தெரியாமல் வாசித்து மதிப்பிட்டனர். அரிய பிரேசில் ரோஸ்வுட்டும் சாதாரண மரங்களும் மதிப்பீட்டில் ஏறக்குறைய ஒரே தரமாகவே வந்தன. அக்கூஸ்டிக் கிட்டாரின் உடலே அதன் ஒலிபெருக்கி. அதிலேயே முதுகுப் பலகையின் மரம் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது. அழிவின் விளிம்பில் உள்ள மரங்களை வெட்டுவதற்கு ஒலியைக் காரணம் காட்டுவோர் இந்த முடிவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

செட்டப் குறையை ஆம்பின் குறையாக எடுத்துக்கொள்வதற்கு ஓர் இயற்பியல் காரணமும் இருக்கிறது. ஐந்தாம் தந்தியைத் திறந்து வாசித்தால் 110 ஹெர்ட்ஸ். நான்காம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வரும் பஞ்சமம் 164.8 ஹெர்ட்ஸ். முன்னதன் மூன்றாம் ஹார்மோனிக் 330, பின்னதன் இரண்டாம் ஹார்மோனிக் 329.6. இரண்டும் சேர்ந்து இரண்டரை விநாடிக்கு ஒருமுறைக்கும் குறைவாக மெல்ல அலையும். காதுக்கு அது நிம்மதியான ஒலி. நட் உயரமாக இருந்து அந்தப் பஞ்சமம் 10 சென்ட் ஏறிவிட்டால் ஹார்மோனிக் 331.5 ஆகிறது, விநாடிக்கு ஒன்றரை முறை அலையத் தொடங்கும். சுத்தமான ஒலியில் இதைச் சமாளித்துவிடலாம். டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் புதிய அதிர்வெண்களாகப் பிறப்பித்துப் பெரிதாக்குகிறது. 55 ஹெர்ட்ஸில் அடித்தளமாக நிற்க வேண்டிய ஒலி 55.8-க்கு நகர்ந்து மற்றவற்றோடு உரசும். கேட்பவருக்குக் கார்டு கலங்கிச் சேறாகத் தெரியும். ட்யூப் ஆம்பானாலும் மென்பொருளானாலும் நடப்பது இதுதான். வாசிப்பவரோ ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலரைப் பழிப்பார், அல்லது இன்னொரு பெடல் வாங்குவார். பிக்கப்பை மிக உயர்த்தி வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் காந்தங்கள் தந்தியையே இழுத்துத் தடித்த தந்திகளில் சுருதியற்ற இரட்டை ஒலியை எழுப்புவதும் இப்படியே தவறான இடத்தில் தேடப்படும் நோய். அதற்கு மருந்து ஒரு திருப்புளி.

கிட்டாரில் கமகம் வாசிக்க முனைபவர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பிரசன்னா போன்றோர் கர்நாடக இசையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தபோது தந்தியை இழுப்பதும் வழுக்குவதும் அலங்காரமாக அல்லாமல் ராகத்தின் உடலாகவே ஆயின. பழைய ஃபெண்டர் பாணியில் 7.25 அங்குல ஆரத்தில் வளைந்த ஃப்ரெட்போர்டில் தந்தி தாழ்வாக இருந்தால், இழுத்த தந்தி அடுத்த ஃப்ரெட்களின் முகட்டில் தட்டி நடுவழியில் செத்துப்போகும். எந்த ஆம்பும் அந்தச் சுரத்தை மீட்டுத் தராது.

இனி டிஜிட்டல் மீதான குற்றச்சாட்டுகள். அதிகம் கேட்கப்படுவது, டிஜிட்டல் ஒலி அலையைப் படிக்கட்டாக நறுக்கிவிடுகிறது என்பது. கிளாட் ஷானன் 1949-இல் நிறுவிக் காட்டிய மாதிரியெடுத்தல் தேற்றம் இதற்கு நேர் எதிரானது. ஓர் ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால் அந்த அலையை முழுமையாக, வழுவழுப்பாகவே திரும்பப் பெறலாம். திரையில் தெரியும் படிக்கட்டு ஒரு வரைபட வழக்கம். மாற்றியிலிருந்து வெளிவரும் மின்னலையில் அது இல்லை. குறுந்தகடு விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல்வரை காக்கிறது. டிஜிட்டலில் மேல் ஒலிகள் தொலைகின்றன என்று கவலைப்படும் கிட்டார் கலைஞர் தன் ஸ்பீக்கரின் விவரத்தாளைப் பார்க்க வேண்டும்: செலஸ்டியன் வின்டேஜ் 30-க்கு அந்நிறுவனமே குறிப்பிடும் வீச்சு 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ்தான். எலெக்ட்ரிக் கிட்டாரின் மென்மையே அந்த வெட்டிலிருந்து பிறக்கிறது.

தாமதம் இரண்டாவது குற்றச்சாட்டு. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் ஆகும். மேடையில் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இன்றைய நல்ல மாடலரின் தாமதம் சில மில்லிசெகண்டுகள்தான். சரியாக அமைக்காத கணினியில் மென்பொருள் ஆம்பை ஓட்டினால் தாமதம் விரலை முடக்கும் அளவுக்குப் போகும் என்பது மெய். அது அந்தக் கணினியின் அமைப்பில் உள்ள கோளாறு.

அனலாக் என்று கொண்டாடப்படும் பொருள்களின் உள்ளேயும் பார்க்க வேண்டும். அனலாக் டிலே பெடலின் இதயம் பக்கெட் பிரிகேட் சில்லு. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. அது ஒலியைத் தொடர்ச்சியாகக் கடத்துவதில்லை. கடிகாரத் துடிப்புக்கு ஒரு மாதிரி வீதம் எடுத்து மின்தேக்கியிலிருந்து மின்தேக்கிக்குக் கைமாற்றுகிறது. எண்ணாக மாற்றாததைத் தவிர டிஜிட்டல் டிலே செய்யும் முதல் வேலையை அது அப்படியே செய்கிறது. 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 பெடலின் உச்சத் தாமதம் 300 மில்லிசெகண்ட். அதன் சில்லில் 4,096 படிகள். அந்தத் தாமதத்துக்குக் கடிகாரம் சுமார் 6,800 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும்; ஆகவே 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் அது ஏந்த முடியாது. பலர் உருகிப் பேசும் வெதுவெதுப்பான அனலாக் எதிரொலி, குறைந்த மாதிரி வேகமும் அதை மறைக்கும் வடிகட்டியும் சேர்ந்து தந்தது. அந்த ஒலி அழகானது. அதை விரும்புவதில் தவறில்லை. டிஜிட்டல் நறுக்குகிறது என்று வெறுத்துவிட்டு, அதைவிடக் கரடுமுரடாக நறுக்கும் சில்லைத் தூய்மையின் சின்னமாக வைப்பது மட்டும் நிற்காது.

காதே சாட்சி என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவின் வழியில் குறுந்தகட்டுத் தர மாற்றி ஒன்று ரகசியமாக இணைக்கப்பட்டது. 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியான பதில்கள். நாணயம் சுண்டினாலும் இதே விகிதம் வரும். 2022 ஜூலையில் வெளிவந்த செய்தி இன்னும் வலியது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளைத் தூய அனலாக் ஒலிக்கு இலக்கணமாக ரசிகர்கள் போற்றிவந்தார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் 2011 முதலே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி நுழைந்திருந்தது. பத்தாண்டுக்கு மேல் மிகத் தேர்ந்த காதுகள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிறுவனம் உண்மையைச் சொல்லாதது தவறு. வழக்கும் இழப்பீடும் தொடர்ந்தன. ஆனால் அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பதை எந்த வழக்கும் மாற்றவில்லை.

இசைக்கலைஞர்கள் தாங்களே இந்தக் கோட்டை எப்போதும் மதித்ததில்லை. ட்யூபுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே இதே சண்டை நடந்த காலத்தில் பி.பி. கிங் லேப் சீரீஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பில் வாசித்தார். அவர் ஒலியில் உயிரில்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை. யூ2 குழுவின் எட்ஜ் தன் அடையாளமான எதிரொலிக்குக் கோர்க் எஸ்டிடி-3000 என்ற டிஜிட்டல் டிலேயைப் பயன்படுத்தினார். மெட்டாலிகா 2013 டிசம்பரில் அன்டார்டிகாவில் நடத்திய நிகழ்ச்சியில் ஒலியெழுப்பும் ஆம்ப் எதுவுமின்றி மாடலர்கள் வழியாக வாசித்தது. பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு மூடநம்பிக்கை வளர்ந்துவருகிறது. மாடலர் வந்துவிட்டது, ட்யூப் ஆம்ப் அருங்காட்சியகப் பொருள் என்ற பேச்சு அது. 1998-இல் வந்த லைன் 6 பாட் போன்ற முன்னோடிகள் பிக்கின் மென்மையையும் வலிமையையும் வேறுபடுத்துவதில் தடுமாறின. அன்று எழுந்த குறைகள் நியாயமானவை. இன்றும் டிஸ்டார்ஷனை எண்களில் கணக்கிடும்போது மாதிரி வேகத்தின் பாதிக்கு மேல் பிறக்கும் ஹார்மோனிக்குகள் கீழே மடிந்து சுருதியற்ற இரைச்சலாக வரும் இடர் உண்டு. பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு அதை அடக்க வேண்டியிருக்கிறது, எல்லாக் கருவிகளும் அதைச் சரிவரச் செய்வதில்லை. பழுதுபார்க்கும் நோக்கில் பார்த்தால் 1960-களின் ஆம்பை இன்றும் சாலிடரிங் தெரிந்த ஒருவர் உயிர்ப்பித்துவிடுவார். உற்பத்தி நின்ற செயலியோடு கூடிய மாடலருக்கு அந்த உறுதி இல்லை. ட்யூப் ஆம்புக்கோ எடையும், தேயும் ட்யூப்களும், உரக்க வாசித்தால்தான் கனியும் குணமும் சுமைகள். குடியிருப்பில் வாசிப்பவருக்கும் திறந்தவெளி மேடையில் வாசிப்பவருக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது.

ட்யூப் ஆம்ப் தரப்பின் வாதங்களில் மிக வலுவானது, வாசிக்கும்போது விரலில் உணரும் உயிர்ப்பு. அதைக் கற்பனை என்று தள்ளுவது நேர்மையாகாது. அறையில் உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரின் காற்றழுத்தம் கிட்டாரின் உடலையும் தந்தியையும் திரும்பத் தொட்டு அதிர வைக்கிறது. நீண்டு நிற்கும் சுரமும் கட்டுக்குள் வரும் ஃபீட்பேக்கும் அங்கிருந்தே வருகின்றன. இந்தச் சுற்றை முடிப்பது ஸ்பீக்கரும் காற்றும். முன்னே இருப்பது ட்யூபா செயலியா என்பது அதற்கு முக்கியமில்லை. மாடலரை ஒரு பவர் ஆம்ப் வழியாகக் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து அதே உரப்பில் வாசித்தால் அதே காற்று அதே தந்தியை வந்து தொடும். ட்யூப் ஆம்பின் வெளியீட்டை லோட் பாக்ஸில் அடக்கி ஹெட்ஃபோனில் கேட்பவருக்கோ, எத்தனை ட்யூப்கள் ஒளிர்ந்தாலும், அந்தத் தொடுகை கிடைக்காது.